காற்று போனால் நின்றுவிடும் வண்டி

காரில் பிரேக் மிதியை அழுத்தினால், குழாயிலுள்ள எண்ணெய் நம் காலின் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்கிறது. ஆனால் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் டிரெய்லர் லாரியோ, சரக்குடன் 36 டன் வரை எடையுள்ளது. அதை நிறுத்தக் காலின் பலம் போதுமா? அங்கே வேலை செய்வது அழுத்தப்பட்ட காற்று.

எஞ்சினால் இயங்கும் கம்ப்ரஸர் வெளிக்காற்றை உறிஞ்சி இரும்புத் தொட்டிகளில் அடைக்கிறது. அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 120 பவுண்டை எட்டியதும் காற்று ஏறுவது நிற்கும். டிரைவர் மிதியை அழுத்தும்போது ஒரு வால்வு மட்டுமே திறக்கிறது. தொட்டியிலிருந்து பாயும் காற்று, சக்கரத்தின் அருகிலுள்ள கலத்தில் ரப்பர் சவ்வைத் தள்ளுகிறது. சவ்வின் பரப்பு 30 சதுர அங்குலம், காற்றின் அழுத்தம் 100 பவுண்டு என்றால், கிடைக்கும் விசை 3,000 பவுண்டு!

சரி, குழாய் வெடித்துக் காற்று போய்விட்டால்? ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் ரயிலுக்கு அமைத்த காற்று பிரேக்கில் இந்தக் குறை இருந்தது. 1872-இல் அவர் முறையைத் தலைகீழாக்கினார்: குழாயில் காற்று குறைந்தால் பிரேக் தானே பிடிக்கும். லாரியில் இதைச் செய்வது வலிமையான சுருள்வில். காற்று அதை அமுக்கி வைத்திருக்கும் வரை வண்டி ஓடும். காற்று போனால் வில் விரிந்து பிரேக்கைப் பிடித்துவிடும்.

டிரைவரின் முன்னுள்ள பலகையில் இரண்டு குமிழ்களைக் காணலாம். சாய்சதுர வடிவிலுள்ள மஞ்சள் குமிழ், வண்டியை நிறுத்தி வைப்பதற்கு. எண்கோணச் சிவப்புக் குமிழ், டிரெய்லருக்குக் காற்று அனுப்புவதற்கு. உள்ளே தள்ளினால் பிரேக் விடும். வெளியே இழுத்தால் பிடிக்கும். அழுத்தம் 20 முதல் 45 பவுண்டுக்குள் இறங்கும்போது இவை தாமாகவே வெளியே துள்ளும். பழைய லாரிகளில் அதற்கும் முன்னதாக, சுமார் 60 பவுண்டில், ஓர் உலோகக் கை டிரைவரின் கண்ணெதிரே விழுந்து ஆடி எச்சரிக்கும்.

ஸ்டியரிங் தண்டிலுள்ள கைப்பிடி, டிரெய்லர் பிரேக்கை மட்டும் இயக்கும். அதை இழுத்துவிட்டு வண்டியை நிறுத்திப் போவது ஆபத்தான பழக்கம். அங்கே பிடித்திருப்பது வில் அல்ல, காற்று. அது மெல்லக் கசிந்தால் வண்டி உருளத் தொடங்கலாம்.

ஆகவே, நல்ல டிரைவர் புறப்படுமுன் எஞ்சினை நிறுத்தி, மிதியைப் பலமுறை அழுத்தி, எச்சரிக்கை வருகிறதா, குமிழ்கள் துள்ளுகின்றனவா என்று பார்ப்பார். தொட்டிகளில் தேங்கிய நீரையும் வடிப்பார். பனிக்காலத்தில் அது உறைந்து குழாயை அடைத்துவிடும் அல்லவா?

மலைச்சரிவில் இறங்கத் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாறுவதும் அவர் வழக்கம். பிரேக்கையே நம்பி இறங்கினால் உருளைகள் சூடேறி விரிந்து, பிரேக் கட்டைகளைவிட்டு விலகும், உராய்வும் குறையும். அப்போது அழுத்தமானி முழு அழுத்தத்தைக் காட்டினாலும் வண்டி நிற்காது. காற்று போனால் காப்பாற்ற வில் இருக்கிறது. சூட்டிலிருந்து காப்பாற்றுவது டிரைவரின் பழக்கம்தான்.