கடலைப் பூசணத்துக்கு ரத்தமே சாட்சி

பூச்சோங் இரவுச் சந்தையில் சாத்தே வாங்கினால் கடலைக் குழம்பையும் கேட்டு வாங்குவீர்கள். அந்தக் கடலை ஈரத்தில் கிடந்து பூசணம் பிடித்ததாக இருந்தால், அதில் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம்.

கல்லீரல் இந்த நஞ்சை வெளியேற்ற முயலும்போது, எதிலும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும் பொருளாக அது மாறுகிறது. மரபணுவில் ஒட்டினால் பிழை விழும். நாளடைவில் அதுவே கல்லீரல் புற்றுநோய்க்கு வித்தாகலாம். ரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்திலும் அது ஒட்டுகிறது.

புற்றுநோய் தரும் பொருள் உடலின் புரதத்தோடு பிணைவதை 1947இல் அமெரிக்காவின் எலிசபெத், ஜேம்ஸ் மில்லர் தம்பதியர் காட்டினர். வெண்ணெய்க்கு நிறமூட்டப் பயன்பட்ட மஞ்சள் சாயத்தை எலிகளுக்குக் கொடுத்தபோது, அவற்றின் கல்லீரல் புரதங்களில் சாயம் பிணைந்திருந்தது.

அல்புமினில் பாதி அழிய ஏறக்குறைய 20 நாள் ஆகும். எனவே, கடந்த சில வாரங்களில் நீங்கள் உண்ட நஞ்சை ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நலமாக இருந்தவர்களைச் சோதித்தபோது, பெரும்பாலோர் ரத்தத்தில் இந்தத் தடயம் இருந்தது.

வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுதாக அழியாது. ஹெப்பாடைட்டிஸ் பி உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். எனவே கடலையை ஈரம் படாமல் மூடி வையுங்கள். சுருங்கியதோ, நிறம் மாறியதோ, கசப்பதோ இருந்தால் காசைப் பார்க்காமல் குப்பையில் போடுங்கள்.