சேம்பர்லேயினின் ஆற்றல் குன்றியதா?

கூடைப்பந்தாட்டத்தில் வில்ற் சேம்பர்லேயினை நிகர்த்த வீரர் அரியர். உயரம் ஏழடி ஓரங்குலம். 1961-62 பருவத்தில் ஓராட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளிகள் ஈட்டினார். 1962 மார்ச் 2 ஆந் திகதி நியூயோர்க் அணிக்கெதிராகத் தனியொருவராய் 100 புள்ளிகள் குவித்தார். அத்தகையவரின் சராசரி, லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியில் ஆடிய 1971-72 இல், 14.8 ஆக இறங்கிற்று. வயதோ முப்பத்தைந்து, 1969 இல் முழங்காற் சத்திரசிகிச்சையும் நடந்திருந்தது. மலை சரிந்ததென்று எவரும் எண்ணுதல் இயல்பே.

ஆயினும் எண்களை ஊன்றி நோக்குதல் வேண்டும். முன்னர் ஓராட்டத்தில் ஏறக்குறைய 40 முறை பந்தெறிந்தவர், இப்போது 9 முறையே எறிந்தார். அவற்றுள் கூடைக்குள் வீழ்ந்தவை முன்னர் நூற்றுக்கு 51, இப்போது 65, 1972-73 இலோ 72.7! இலகுவான வாய்ப்புகளையே தெரிந்தெடுத்தார் என்பது மெய்தான். இளமைத் துள்ளல் குறைந்ததையும் நான் மறுக்கேன். ஆனால், கூடையருகில் அவர் கை தளர்ந்ததென்பதை ஏற்பதற்கில்லை. (தண்ட எறிகளில் அவர் தடுமாறியது வயதினாலன்று, அது தொடக்கமுதல் இருந்த குறை.)

உண்மையில் மாறியது அவர் பணி. தடுத்தாடுவதிலும், விளிம்பிற் பட்டு மீளும் பந்தைக் கைப்பற்றுவதிலும் கருத்தூன்றுமாறு பயிற்றுநர் பில் ஷார்மன் வேண்டினார். அணி தொடர்ந்து 33 ஆட்டங்களில் வென்றது. 1972 இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில், காயமுற்ற கையோடு, 24 புள்ளிகளும் 29 மீள்பந்துகளும் பெற்று வாகை சூட்டினார். தமது கடைசிப் பருவமான 1972-73 இலும் மீள்பந்து பிடிப்பதில் அவரே முதல்வர்.