அம்மாவின் அடுப்பு மேடை

சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் கணப்பு அடுப்பு யாருக்கு வேண்டும்? ஆனாலும் சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன்பு, மூன்று வாரமாக இரவில் நான் பார்த்ததெல்லாம் அமெரிக்க வீடுகளில் பழைய செங்கல் கணப்புகளைப் புதுப்பிக்கும் காணொளிகள்தான். எல்லாம் பஃப்ளோ சாலையில் இருக்கும் அம்மா வீட்டு அடுப்பு மேடைக்காக.

தேக்கா சந்தைக்கு அருகே, 1980களின் தொடக்கத்தில் எழுந்த வீவக அடுக்குமாடி அது. செங்கல் அடுக்கி, சிமென்ட் பூசி, பழுப்பு டைல்ஸ் பதித்த மேடை. அந்தக் காலத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது கண்ணில் தெரியும். டைல்ஸ் இடுக்குகள் கறுத்துவிட்டன. கீழே அலமாரிக் கதவுகள் ஈரத்தில் உப்பியிருந்தன. அடுப்புக்குப் பின்சுவரில் பல ஆண்டுத் தாளிப்பின் எண்ணெய்ப் படலம்.

அப்பா தவறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அம்மாவுக்கு ஒரு நல்ல சமையலறை அமைத்துக் கொடுக்க வேண்டும் என்று குத்தகையாளர் ஒருவரை அழைத்தேன். மேடையை இடித்துவிட்டுப் புது அலமாரிகள் பொருத்த 7,800 வெள்ளி கேட்டார். எங்கள் பிடிஓ வீட்டுக்கு முன்பணம் சேர்த்துக்கொண்டிருந்த நேரம். இருந்தாலும் சரி என்று படத்தை அம்மாவிடம் காட்டினேன்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார்.

குரலை வைத்துப் பிழைப்பவன் நான். வானொலியில் பத்து ஆண்டுகளாக நேயர்களின் குரலைக் கேட்டுப் பழகியவனுக்கு அந்த ‘நல்லாத்தான்’ சரியாகப் படவில்லை. “என்னம்மா, பிடிக்கலையா?” என்றேன்.

“இடிக்கணும்னா இடி. ஆனா இந்த மேடை என் இடுப்பு உயரத்துக்குக் கட்டுனது. கொத்தனார் கல்லு வைக்க, உங்கப்பா என்னைப் பக்கத்துல நிக்க வச்சு அளந்து அளந்து சொன்னாரு.”

அளவுநாடாவை எடுத்து அளந்தேன். 78 சென்டிமீட்டர். குத்தகையாளரின் படத்தில் இருந்ததோ 88. நின்று வேலை செய்யும் மேடை, முழங்கையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் தோளும் முதுகும் வலிக்காது என்பது பொதுவான கணக்கு. அம்மா ஐந்தடிக்கும் குறைவு. மாவு பிசையவும் முறுக்கு பிழியவும் 78தான் அவருக்குச் சரி. பழசு என்று நான் நினைத்தது, அவருக்கென்றே அளவெடுத்துச் செய்தது. இடிக்கும் பேச்சு அதோடு நின்றது. முகத்தை மட்டும் மாற்றுவோம், நாமே செய்வோம் என்று முடிவானது.

எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது

வீட்டுக்குள் சாயம் பூச வீவகவிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் சுவர் இடிக்க அனுமதி வேண்டும். அந்த வேலையை வீவகவின் பட்டியலில் உள்ள குத்தகையாளர்தான் செய்ய வேண்டும். டைல்ஸ் உடைப்பது, வெட்டுவது போன்ற இரைச்சல் வேலைகளை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டுமே செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கூடாது. எனக்கு ஓய்வு கிடைப்பது வார இறுதியில்தான். ஆகவே இயந்திரமே வேண்டாம், எல்லாம் கைவேலை என்று வைத்துக்கொண்டேன்.

எரிவாயுக் குழாயைக் கழற்றி மாட்டுவதும் மின்கம்பி இழுப்பதும் உரிமம் பெற்றவர்களின் வேலை. அந்தச் செலவில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

கணப்புக் காணொளிகளில் கற்ற பாடம் ஒன்று உண்டு. நெருப்பு எரியும் உட்பகுதிக்கு அவர்கள் சாதாரணச் சாயம் பூசுவதில்லை. சூட்டைத் தாங்கும் தனிச் சாயம்தான். நமக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். எனவே மேடையை மூன்றாகப் பிரித்தேன். பாத்திரம் இறக்கி வைத்து, காய் நறுக்கும் மேற்பரப்புக்குச் சாயம் இல்லை. சூட்டிலும் கத்தியிலும் அது நிற்காது. அங்கே இடுக்குகளை மட்டும் சுரண்டி, கறை பிடிக்காத எபோக்சி கிரௌட் நிரப்புவது. அடுப்புக்குப் பின்சுவரில் எஃகுத் தகடு. முன்பக்க டைல்ஸுக்கும் அலமாரிக் கதவுகளுக்கும் மட்டும் சாயம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பூசாத செங்கல் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும். அதனால் பழைய கடைவீட்டுச் செங்கல் சுவர் போன்றவற்றுக்குச் சுண்ணாம்புப் பூச்சு ஏற்றது. ஈரம் உள்ளே சிறைப்படாது. டைல்ஸ் அப்படியில்லை. வழவழப்பான அந்தப் பரப்பில் எதுவும் எளிதில் ஒட்டாது.

55 வெள்ளிப் பாடம்

அதை நான் பட்டுத்தான் அறிந்தேன். ஜாலான் புசார் வன்பொருள் கடையில் பொருள்களை வாங்கிய அன்றே, பாத்திரம் கழுவும் சோப்பால் துடைத்துவிட்டுச் சாயம் பூசினேன். மறுநாள் காலை அம்மா விரல் நகத்தால் கீறினார். முட்டை ஓடுபோல உரிந்து வந்தது.

“எண்ணெய் போகலடா. முறுக்குச் சட்டிய நான் எப்படிக் கழுவுவேன்னு பார்த்திருக்கியா?”

பூசியதையெல்லாம் சுரண்டி எடுத்து, சாயம் மீண்டும் வாங்கி, முதலிலிருந்து தொடங்கினோம். சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, தேய்க்கும் நார் கறுப்பாவது நிற்கும்வரை தேய்த்தோம். அது மட்டும் ஒரு நாள். பிறகு மெல்லிய தேய்ப்புத்தாளை ஈரமாக்கி, டைல்ஸின் பளபளப்பு போகும்வரை தேய்த்தோம். ஈரமாகத் தேய்த்தால் தூசி பறக்காது. நல்ல நீரில் இருமுறை துடைத்து, மின்விசிறி ஓடவிட்டு ஒரு நாள் முழுக்கக் காயவிட்டோம். நம் ஊர் ஈரப்பதத்தில் டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தை நம்பி அவசரப்படக்கூடாது.

அதன்பின் டைல்ஸில் ஒட்டும் பிரைமர் ஒரு பூச்சு. அது காய்ந்ததும் சாயம் மெல்லிய இரண்டு பூச்சு. தடித்த ஒரு பூச்சு வழிந்து கெடும். சன்னல்களைத் திறந்து வைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு பூசினேன். தொட்டால் உலர்ந்ததுபோல் இருந்தாலும் சாயம் நன்கு இறுக ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரமும் கீழே தேக்கா உணவங்காடியில்தான் சாப்பாடு. அம்மா இட்லியைக் குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

கணக்கு

பிரைமரும் சாயமும் 110 வெள்ளி. கிரௌட் 55. உருளைத் தூரிகை, தேய்ப்புத்தாள், கையுறை, முகக்கவசம் 48. அளவுக்கு வெட்டித் தந்த எஃகுத் தகடு 75. கதவுக் கைப்பிடிகள் 32. அலமாரிக்குக் கீழ் ஒட்டும் மின்கல விளக்கு 30. எரிவாயு ஊழியருக்கு 70. என் அவசரத்துக்குத் தண்டம் 55. ஆக மொத்தம் 475 வெள்ளி, நான்கு வார இறுதிகள்.

குறை இல்லாமல் இல்லை. அருகில் போய்ப் பார்த்தால் தூரிகைக் கோடு தெரியும். ஓரத்தில் ஒரு டைல் விரிசலோடு அப்படியே இருக்கிறது. சாயம் தேயும் இடங்களில் சில ஆண்டுகளில் மீண்டும் பூச வேண்டி வரலாம். மேடையில் பெரிய வெடிப்போ, தட்டினால் உள்ளே பொள்ளல் சத்தமோ இருந்தால் இந்த வழி சரிவராது. அப்போது முறையாக இடித்துக் கட்டுவதுதான் பாதுகாப்பு.

வெளிர்ப் பச்சை நிறத்தை அம்மாதான் தேர்ந்தெடுத்தார். தீபாவளிக்கு முந்திய வாரம் அதே மேடையில் முறுக்கு பிழிந்தார். பக்கத்தில் நின்று எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் குனிந்து குனிந்து முதுகு வலித்தது. நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்துச் சிரித்தார்.

“உன் புது வீட்டுல மேடை போடுறப்ப மருமகளை நிக்க வச்சு அளந்துக்க,” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “உன்னையும் அளந்துக்கடா. நீயும்தானே சமைக்கணும்,” என்றார்.