கம்ப்யூட்டரில் சதவீதக் கணக்கு: வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

விலைப்பட்டியலையும் லாபக் கணக்கையும் எக்செல்லில் தாங்களே போட்டுக்கொள்ளும் வணிகர்கள் பலர். பிள்ளைகளைக் கொண்டு சிறு புரோகிராம் எழுதி வைத்திருப்போரும் உண்டு. இவற்றில் அடிக்கடி பிசகும் இடம் சதவீதக் கணக்கு. விதி எளிதுதான். தசமத்தைச் சதவீதமாக்க 100-ஆல் பெருக்க வேண்டும். சதவீதத்தைத் தசமமாக்க 100-ஆல் வகுக்க வேண்டும். 0.05 என்பது 5 சதவீதம், 0.125 என்பது 12.5 சதவீதம்.

இருமுறை வேண்டாம்

எக்செல்லில் 0.18 உள்ள கட்டத்துக்குச் சதவீத அமைப்பு கொடுத்தால் 18% என்று காட்டும். உள்ளே இருப்பது 0.18 தான். நாமும் 100-ஆல் பெருக்கிவிட்டால் 1800% ஆகிவிடும். அதேபோல், அந்தக் கட்டத்தை வைத்து வரி கணக்கிடும்போது மறுபடி 100-ஆல் வகுக்கக் கூடாது. வகுத்தால் ரூ.1,000 சரக்குக்கு ரூ.180 வர வேண்டிய வரி, ரூ.1.80 என்று பில்லில் ஏறும். வாடிக்கையாளரிடம் குறைத்து வாங்கினாலும், அரசுக்கு முழு வரியையும் கட்ட வேண்டியவர் கடைக்காரர்தான்.

ஒன்று குறைவது ஏன்?

ரூ.71-க்கு வாங்கிய சரக்கை ரூ.100-க்கு விற்கிறோம். லாபம் ரூ.29. விற்பனை விலையால் வகுத்தால் 0.29. இதைப் பைத்தான் மொழியில் 100-ஆல் பெருக்கினால் 29 வராது, 28.999999999999996 என்று வரும். கம்ப்யூட்டர் இரண்டின் அடிப்படையில் எண்ணுவதால், 0.29-ஐ அதனால் துல்லியமாக வைத்துக்கொள்ள முடிவதில்லை. இந்த நிலையில் தசமப் பகுதியை வெட்டிவிடும் 'இன்ட்' கட்டளையைக் கொடுத்தால் 28 என்றே காட்டும். அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டுவரும் 'ரவுண்ட்' கட்டளையே சரி. முதலில் பெருக்கிப் பிறகு வகுப்பதும் நல்லது:

சதவீதம் = லாபம் × 100 ÷ விற்பனை விலை

2900-ஐ 100-ஆல் வகுத்தால் 29 சரியாக வரும்.

எதன் மேல் சதவீதம்?

அதே ரூ.29 லாபம், கொள்முதல் விலையான ரூ.71-இன் மேல் 40.85 சதவீதம். இரண்டு கணக்கும் சரியே, கலந்துவிட்டால்தான் நஷ்டம். விற்பனையில் 29 சதவீதம் நிற்க வேண்டும் என்று எண்ணி, ரூ.71-ஐ 1.29-ஆல் பெருக்கினால் விலை ரூ.91.59 தான் வரும். ஒவ்வொரு உருப்படியிலும் ரூ.8.41 கைநழுவும். சரியான வழி, 71-ஐ 0.71-ஆல் வகுப்பது. அப்போது ரூ.100 வரும். ஆகவே பட்டியலின் தலைப்பிலேயே 'கொள்முதல் மேல்', 'விற்பனை மேல்' என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

சோதித்துப் பாருங்கள்

புதிய புரோகிராமை நம்பி விலை ஒட்டுவதற்கு முன் 0, 0.29, 0.5, 1 ஆகிய நான்கையும் கொடுத்துப் பாருங்கள். 0, 29, 50, 100 என்று விடை வர வேண்டும். ஒன்று பிசகினாலும் திருத்திய பிறகே பில் போடுங்கள்.