டீயில் நாட்டுச் சர்க்கரை: நிறம் மாறினால் சுகர் குறையுமா?

சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நிலக்கடலை ஏலம் நடக்கும் நாளானாலும், பனியன் கம்பெனிக்கு ஆட்கள் கிளம்பும் காலை நேரமானாலும், டீக்கடைகளில் கேட்கும் குரல் ஒன்றுதான்: "சுகர் இருக்குதுங்க, நாட்டுச் சர்க்கரை போட்டுக் குடுங்க."

பழனி பஞ்சாமிர்தத்துக்குக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை போவது கொங்கு விவசாயிகளுக்குப் பெருமை. ஆனால், நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எதுவானாலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். வெள்ளைச் சர்க்கரையிலும் அதுவேதான் இருக்கிறது. இரும்பு போன்ற தாதுக்கள் இவற்றில் கொஞ்சம் கூடுதல். அதற்காக ரத்தச் சர்க்கரை ஏறாமல் இருக்காது. தேனும் அப்படித்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு டீக்கு 2 ஸ்பூன், நாளைக்கு 5 டீ என்றால் 10 ஸ்பூன். ஸ்பூனுக்கு 5 கிராம் வைத்தாலும் 50 கிராம். நிறத்தை மாற்றுவதால் இந்தக் கணக்கு மாறாது. டீயின் எண்ணிக்கையும் ஸ்பூனின் அளவும் குறைந்தால்தான் மாறும். வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்து வந்தால் நாக்கு பழகிவிடும்.

இனிப்பு இல்லாமல் முடியாதவர்களுக்கு

சுக்ரலோஸ், ஸ்டீவியா போன்றவை அளவோடு பயன்படுத்தினால் சர்க்கரையை ஏற்றுவதில்லை. அஸ்பார்டேம் சூட்டில் இனிப்பை இழக்கும். கொதிக்கும் பண்டங்களுக்கு ஏற்றதல்ல. ஸ்டீவியா என்பது சீனித்துளசி. 2015-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்தது, அதன் இலையிலிருந்து சுத்திகரித்து எடுத்த இனிப்பைத்தான். பொடியாக வாங்கும்போது உறையைப் படியுங்கள். டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால் அவையும் ரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியவை.

மாற்று இனிப்பு மருந்தல்ல. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையத்தினர் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், டீ, காபியில் சர்க்கரைக்குப் பதில் 12 வாரம் சுக்ரலோஸ் சேர்த்தவர்களுக்கு உடல் எடை சற்றுக் குறைந்தது. மூன்று மாதச் சர்க்கரை அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. டீயில் மிச்சப்படுத்தியதைப் பன்னும் பிஸ்கட்டும் தட்டு நிறைந்த சோறும் ஈடுகட்டிவிடலாம். பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி வேகவைத்த நிலக்கடலை நல்லது. சேவூரில் அதற்குப் பஞ்சமில்லை.

உயிர் காக்கும் மூன்று ஸ்பூன்

இன்சுலின் போடுபவர்களும் சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு வெயிலில் வேலை செய்தால் சர்க்கரை திடீரென இறங்கலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் இதன் அறிகுறிகள். அந்த நேரத்தில் மாற்று இனிப்பு போட்ட டீ கொடுத்துப் பயனில்லை. 3 ஸ்பூன் நிஜச் சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடுக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

ஆகவே, சுகர் உள்ளவர் வீட்டில் சர்க்கரை டப்பாவை அடியோடு ஒழித்துவிட வேண்டாம். காட்டுக்குப் போகும்போதும் ஒரு பொட்டலம் மடியில் இருக்கட்டும். சாப்பாட்டில் பெரிய மாற்றம் செய்யும் முன், மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.