அழித்துவிட்டுத் தேடாதீர்கள்: ஒரு கணனி ஆசிரியரின் அனுபவம்

சில வருடங்களுக்கு முன்னர், நோன்பு விடுமுறைக்காகப் பாடசாலை மூடப்படவிருந்த கடைசி நாள். தரம் 11 மாணவர் ஒருவர் வைரஸ் தொற்றிய பென் டிரைவ் ஒன்றைக் கொண்டு வந்தார். "இதில் எதுவும் வேண்டாம் சேர், எல்லாவற்றையும் அழித்துத் தாருங்கள்" என்றார். ஒவ்வொன்றாக அழிப்பதை விட, கட்டளைச் சாளரத்தில் ஒரு வரி தட்டச்சு செய்தால் வேலை முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தைரியம்தான் வினையானது.

பென் டிரைவ் இருந்தது 'ஈ' டிரைவில். நான் நின்றது 'டீ' டிரைவில். "உள்ளே உள்ள அனைத்தையும் அழி, என்னிடம் கேட்காதே" என்ற பொருள்படும் கட்டளையைக் கொடுத்து என்டர் விசையை அழுத்தினேன். திரையில் ஓடிய கோப்புப் பெயர்களில் ஒன்று எனக்குப் பழக்கமானதாக இருந்தது. பதறி நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

'டீ' டிரைவில் இரண்டு விடயங்கள் இருந்தன. ஒன்று, மாணவர்களின் தவணைப் பரீட்சைப் புள்ளிகள். மற்றையது, 1978ஆம் ஆண்டுச் சூறாவளி பற்றி எமது ஊரின் மூத்தவர்கள் பேச, மாணவர்கள் பதிவு செய்த பதினொரு ஒலிப்பதிவுகள்.

ரீசைக்கிள் பின்னில் தேடினேன். அங்கே எதுவும் இல்லை. மவுசால் சாதாரணமாக அழிக்கும் கோப்புகள்தான் பெரும்பாலும் அங்கே போய்ச் சேரும். கட்டளை மூலம் அழிப்பவையும், ஷிப்ட் விசையுடன் டிலீட் விசையை அழுத்தி அழிப்பவையும் அங்கே போவதில்லை. பென் டிரைவிலிருந்து அழிப்பவையும் வழமையாக அப்படித்தான்.

ஆனாலும் அழிந்த கோப்பு உடனே மறைந்துவிடுவதில்லை. வரவுப் பதிவேட்டில் பெயரை வெட்டிய பின்னும் பிள்ளை வகுப்பிலேயே அமர்ந்திருப்பதைப் போன்றது இது. அந்தக் கதிரையில் இன்னொரு பிள்ளையை அமர்த்தும் வரைதான் முதற்பிள்ளை அங்கே இருக்கும். எனவே, தவறு நடந்தவுடன் அந்த டிரைவில் புதிதாக எதையும் எழுதாமல் நிறுத்திவிட வேண்டும். நானோ பதற்றத்தில் மீட்பு மென்பொருளைத் தரவிறக்கி, அதே டிரைவிலேயே நிறுவினேன். முதல் தவறை விட இந்த இரண்டாவது தவறுதான் பெரியது. பதினொன்றில் நான்கு மட்டுமே மீண்டன. (இன்றைய எஸ்.எஸ்.டி. வகை வன்தட்டுகளில் இந்த வாய்ப்பு இன்னும் குறைவு.)

புள்ளிகளை ஆசிரியர்களின் கையெழுத்துப் புத்தகங்களிலிருந்து மீண்டும் பதிந்துகொண்டோம். ஒலிப்பதிவுகளுக்கு அப்படி எதுவும் இருக்கவில்லை. குரல் இழந்தவர்களில் இருவர் அப்போதே வபாத்தாகியிருந்தனர்.

இது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நேரும் தவறு என்று எண்ண வேண்டாம். லினக்ஸ் கணனிகளில் 'ஆர்எம்' என்றொரு அழிக்கும் கட்டளை உண்டு. அதனுடன் 'ஆர்' சேர்ந்தால் கோப்புறையின் உள்ளே இருப்பவை அனைத்தும் போகும். 'எஃப்' சேர்ந்தால் கேள்வியே கேட்காது. 2017 ஜனவரி 31 அன்று, கிட்லேப் என்ற பிரபல மென்பொருள் நிறுவனத்தின் அனுபவமிக்க பொறியியலாளர் ஒருவர், இரவு வெகுநேரம் வேலை செய்துகொண்டிருந்தபோது இதே கட்டளையைத் தவறான சேவையகத்தில் இயக்கிவிட்டார். ஓரிரு விநாடிகளில் நிறுத்தியும், சுமார் 300 ஜிகாபைட் தரவில் 4.5 ஜிகாபைட் அளவே எஞ்சியது.

அந்நிறுவனத்திடம் காப்புப் பிரதி எடுக்கும் வழிகள் பல இருந்தன. ஆனால் நாளாந்தப் பிரதி எடுக்கும் முறை இயங்காமலே இருந்ததை அன்றுதான் கண்டுகொண்டார்கள். தற்செயலாக, ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர் எடுத்த ஒரு பிரதி கைகொடுத்தது. அந்த ஆறு மணித்தியாலத் தரவு மட்டும் திரும்பவேயில்லை.

எமது நாட்டிலும், காரணம் வேறாக இருந்தாலும், இதே பாடம் கிடைத்தது. 2023இல் லங்கா அரச கிளவுட் கட்டமைப்பு மீது கப்பம் கோரும் வைரஸ் தாக்குதல் நடந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அந்தக் காலப்பகுதிக்குரிய பிரதி, தாக்குதலுக்கு எட்டாத இடத்தில் இருக்கவில்லை.

எனவே மூன்று பழக்கங்களைச் சொல்கிறேன். முதலாவது, அழிக்கும் முன் எங்கே நிற்கிறோம் என்று வாய்விட்டு வாசியுங்கள். கட்டளைச் சாளரமாயின், முதலில் பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்து, எவை அழியப் போகின்றன என்று பாருங்கள். இரண்டாவது, முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதிகள் வையுங்கள். அவற்றில் ஒன்றாவது வேறு கட்டடத்தில் இருக்கட்டும். மூன்றாவது, அந்தப் பிரதிகளை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி, பிரதியே அல்ல.

இன்னொன்றும் உண்டு. அன்று எனக்கு முதலில் தோன்றியது, யாருக்கும் சொல்லாமல் சமாளிப்பதுதான். அந்த அவசரத்தில்தான் அந்த ஏழு குரல்களும் போயின. கிட்லேப் நிறுவனமோ தன் தவறை உலகறியச் சொல்லி, மீட்புப் பணியை நேரலையாகவே காட்டியது. தவறைச் சொன்னவரை முதலில் ஏசாத அலுவலகங்களில்தான் தரவும் தப்பும்.

எமது பாடசாலைகளிலும் பள்ளிவாசல் அலுவலகங்களிலும் திருமணப் பதிவுகள், சந்தாக் கணக்குகள், பழைய புகைப்படங்கள் என எத்தனையோ விடயங்கள் ஒரே ஒரு கணனியில் கிடக்கின்றன. இந்த வாரமே அவற்றுக்கு ஒரு பிரதி எடுங்கள். எஞ்சிய அந்த நான்கு குரல்களும் இன்று மூன்று இடங்களில் இருக்கின்றன. மற்ற ஏழையும் நினைக்கும்போதுதான் இதை எழுதத் தோன்றியது.