மறைக்கலாம், அழிக்கக்கூடாது!

பழுதான போட்டோவைக் காப்பாற்றும் "முகமூடி" வித்தை

2004-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை காலை. குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களுக்குள் கடல் புகுந்தது. குளச்சலிலும் மணக்குடியிலும் வீடுகள் இடிந்தன. மணக்குடிப் பாலம் பெயர்ந்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

உயிர் போனது, உடைமை போனது. சுவரில் தொங்கிய படங்களும் போயின!

வீட்டை மறுபடியும் கட்டலாம். படகை மறுபடியும் வாங்கலாம். இறந்துபோன தாயை மறுபடியும் படம் பிடிக்க முடியுமா?

சுனாமிதான் வர வேண்டும் என்பதில்லை. குமரி மாவட்டத்தில் இரண்டு பருவ மழையும் உண்டு. சுவரில் ஓதம் ஏறும். படத்தில் பூஞ்சை படரும். கரையான் அரிக்கும். பெட்டியைத் திறந்து பார்த்தால், தாத்தாவின் முகம் பாதிதான் மிஞ்சியிருக்கும்!

ஜப்பானில் நடந்தது

2011-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி ஜப்பான் நாட்டையும் சுனாமி தாக்கியது. இடிபாடுகளுக்கு இடையே சேற்றில் கிடந்த போட்டோக்களைத் தொண்டர்கள் பொறுக்கி எடுத்தார்கள். ஒவ்வொன்றாகக் கழுவி, உலர்த்தி, உரியவர்களிடம் சேர்த்தார்கள்.

நியூயார்க்கில் போட்டோ திருத்தும் தொழில் செய்தவர் பெக்கி மேன்சன் என்ற பெண்மணி. சேறு அள்ளுவதற்காக ஜப்பான் போன அவர், இந்த வேலையில் இறங்கினார். பல நாடுகளில் இருந்த நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் அவருக்குக் கை கொடுத்தார்கள். பழுதான படங்களைக் கம்ப்யூட்டர் மூலம் திருத்தி அனுப்பினார்கள். கூலி வாங்கவில்லை!

படத்தை எப்படித் திருத்துகிறார்கள்?

அழித்தால் ஆபத்து

கம்ப்யூட்டரில் "ரப்பர்" உண்டு. வேண்டாததை அதனால் அழித்துவிடலாம். ஆனால் ஓர் ஆபத்து. கறையை அழிக்கும்போது கை தவறினால் காதும் போகும், கம்மலும் போகும். அழித்தபடியே படத்தைச் சேமித்துவிட்டால், போனது போனதுதான்!

ஆகவே கைதேர்ந்தவர்கள் அழிப்பதில்லை, மறைக்கிறார்கள். அதற்கு உதவுவதுதான் "லேயர் மாஸ்க்". "லேயர்" என்றால் அடுக்கு. "மாஸ்க்" என்றால் முகமூடி.

மருந்துவாழ்மலையை மழைக்கால மேகம் மூடுகிறது. மலை தெரியவில்லை. மலை எங்கேயாவது போய்விட்டதா? இல்லை. மேகம் விலகினால் மலை அங்கேதான் நிற்கும். முகமூடியின் வேலையும் இதுவே.

பகல், இரவு, அந்தி

படங்களை ஒன்றின் மேல் ஒன்றாகக் கம்ப்யூட்டரில் அடுக்கலாம். மேல் படத்துக்கு ஒரு முகமூடி போடுவார்கள். அந்த முகமூடியில் மூன்றே நிறம்: வெள்ளை, கறுப்பு, சாம்பல்.

வெள்ளை என்பது பகல். அந்த இடத்தில் மேல் படம் நன்றாகத் தெரியும்.

கறுப்பு என்பது இரவு. அந்த இடத்தில் மேல் படம் மறைந்துவிடும். அடியில் உள்ள படம் தெரியும்.

சாம்பல் என்பது அந்தி. மேல் படமும் கீழ்ப் படமும் கலந்து தெரியும்.

கம்ப்யூட்டர் இதை எண்ணாக வைத்துக்கொள்கிறது. கறுப்புக்கு 0. வெள்ளைக்கு 255. இடையில் உள்ளவை எல்லாம் சாம்பல். ஆக 256 படிகள்!

கல்யாணப் படம்

ஐம்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு கல்யாணப் படம். பெண்ணின் முகம் நன்றாக இருக்கிறது. சேலையோ மங்கிவிட்டது.

படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். அதற்கு ஒரு நகல் எடுத்து, மேல் அடுக்காக வைக்கிறார்கள். அந்த நகலில் நிறத்தை அழுத்தமாக்குகிறார்கள். சேலையின் சரிகை தெளிகிறது. ஆனால் முகம் கறுத்துவிட்டது!

இப்போது முகமூடி வருகிறது. அதில் முகம் உள்ள இடத்தில் கறுப்பு பூசுகிறார்கள். கறுத்த முகம் மறைகிறது. அடியில் இருந்த பழைய முகம் தெரிகிறது. சேலை உள்ள இடம் வெள்ளையாகவே இருக்கட்டும், சரிகை மின்னும். கழுத்து ஓரத்தில் சாம்பல் தடவினால், ஒட்டுப்போட்ட கோடு தெரியாது.

மூக்குத்தி மட்டும் மங்கலாக இருக்கிறதா? அந்தப் புள்ளியில் வெள்ளை வைத்தால் போதும். மூக்குத்தி பளிச்சிடும்!

தவறு நேர்ந்தால் நிறத்தை மாற்றிப் பூசலாம். நூறு தடவை மாற்றினாலும், அடியில் உள்ள படத்துக்கு ஒரு கீறலும் விழாது.

சினிமாவில் அன்றே

இந்த வித்தையின் பாட்டன் சினிமாவில் இருக்கிறான். 1940-ம் ஆண்டில் "உத்தமபுத்திரன்" படம் வந்தது. பி. யு. சின்னப்பா அதில் இரட்டை வேடம் போட்டார். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் அந்தப் படத்தில் நடித்தார்.

ஒரே நடிகரை இரண்டு பேராகக் காட்ட அந்தக் காலத்தில் ஒரு வழி உண்டு. காமிராவின் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைப்பார்கள். மறு பாதியில் படம் பிடிப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னால் சுற்றி, அட்டையை மாற்றி வைத்து, மீண்டும் பிடிப்பார்கள். சிறிது பிசகினாலும் பிலிம் வீண்!

1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஆல்வி ரே ஸ்மித், எட் கேட்மல் என்ற இரு அறிஞர்கள் இதைக் கணக்காக்கினார்கள். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும், "எவ்வளவு தெரிய வேண்டும்" என்று ஓர் எண் கொடுத்தார்கள். "போட்டோஷாப்" 1990-ல் விற்பனைக்கு வந்தது. 1994-ல் அதில் அடுக்குகள் சேர்ந்தன. காசு கொடுக்காமலே கிடைக்கும் "கிம்ப்" என்ற சாதனத்திலும் முகமூடி உண்டு.

கேட்டு வாங்குங்கள்

பழைய படத்தைத் திருத்தக் கொடுக்கிறவர்கள் மூன்று விஷயங்களை மறக்கக்கூடாது.

கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைப் பிய்த்து எடுக்க வேண்டாம். கண்ணாடியோடு கொடுங்கள்.

திருத்தாத நகல் ஒன்றைத் தனியே கேட்டு வாங்குங்கள்.

அடுக்குகளோடு கூடிய கோப்பையும் கேளுங்கள். "பி.எஸ்.டி." அல்லது "எக்ஸ்.சி.எஃப்." என்றால் ஸ்டூடியோக்காரருக்குப் புரியும். "ஜேபெக்" கோப்பில் எல்லா அடுக்கும் ஒன்றாகிவிடும். முகமூடியைப் பிறகு கழற்ற முடியாது.

"அம்மாவின் கன்னத்தில் மச்சம் இருந்ததே! அதையும் கறை என்று மறைத்துவிட்டார்களே!" என்று பத்து ஆண்டு கழித்து ஒரு மகள் கேட்கலாம். அடுக்குக் கோப்பு கையில் இருந்தால் அவள் கலங்க வேண்டாம். முகமூடியில் அந்த இடத்தை மாற்றிப் பூசினால் போதும்.

அம்மாவின் மச்சம் திரும்பி வரும்!